ஞாயிற்றுக்கிழமை காலியான கொக்கிகள்

எங்கள் காப்பகத்தின் வாசலுக்கு உள்பக்கம் ஒரு மரப்பலகை இருக்கிறது. பலகை முழுக்கக் கொக்கிகள். ஒவ்வொரு கொக்கியிலும் எண் அடித்த ஒரு தகர டோக்கன். விடியற்காலையில் குழந்தையை விட வரும் அம்மா தன் எண்ணுள்ள டோக்கனை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு பெங்களூர் ரயிலுக்கு ஓடுவாள். சாயங்காலம் அதைத் திரும்ப மாட்டிவிட்டுத்தான் குழந்தையைத் தூக்க முடியும். கொக்கி காலியாக இருந்தால் குழந்தை உள்ளே இருக்கிறது என்று பொருள். தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் சுரங்கக் குழி இறங்கும் ஷாஃப்ட் வாசலிலும் இதே ஏற்பாடுதானாம். கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குகிறவர் டோக்கனைக் கையோடு கொண்டுபோவார். ஷிஃப்ட் முடிந்தும் கொக்கி காலியாக இருந்தால் ஆள் இன்னும் கீழே இருக்கிறார். சுரங்கம் மூடி வெகுகாலமாகிவிட்டது. பழக்கம் மட்டும் பிள்ளைகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

நான் இந்த ஊருக்குக் கல்யாணமாகி வந்தவள். கணவர் இங்கேயுள்ள கனரக இயந்திரத் தொழிற்சாலையில் ஒப்பந்த வேலையில் இருக்கிறார். எம்.காம் படித்துவிட்டு வீட்டில் சும்மா இருக்கிறோமே என்ற உறுத்தலில், ஊரிகம் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சுரங்கத் தொழிலாளர்களுக்காகக் கட்டிய லைன் வீடு ஒன்றில் நடக்கும் இந்தக் காப்பகத்தில் கணக்கும் அறிக்கையும் எழுதச் சேர்ந்தேன். இரண்டரை வயது மகளையும் அங்கேயே கொண்டுபோய்விடுவேன். அடுத்த அறையில் அவள் இருமினால் எனக்குக் கேட்கும். அவளுக்குப் பனிக்காலத்தில் மூச்சு இழுக்கும். சுரங்கக் கழிவு மண் குவிந்து கிடக்கும் சயனைட் மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் இன்னும் மோசம். அவள் காது கேட்கும் தூரத்தில் இருக்கிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் இந்த வேலை என்று வைத்துக்கொண்டாலும் தப்பில்லை.

காப்பகத்தை நடத்துகிறவரை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதைத் தொடங்கியவர். அங்கன்வாடி திறக்கும் நேரத்துக்கு இந்த ஊர் அம்மாக்கள் ஏற்கனவே ஒயிட்ஃபீல்டில் ஏதாவது ஓர் அலுவலகத்தின் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பார்கள், அல்லது கார்மெண்ட்ஸில் பட்டன் வைத்துக்கொண்டிருப்பார்கள். எனவே முதல் ரயிலுக்கு முன்னால் திறந்து, கடைசி அம்மா வரும்வரை மூடாமலிருக்கும் ஓர் இடம். அவ்வளவுதான் டீச்சரின் யோசனை. அதற்கு வேண்டியது ஆயாக்களுக்குச் சம்பளம், பால், வாடகை.

அந்த மூன்றுக்கும் பணம் கேட்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான காரியம் என்று நான் சேர்ந்த பிறகு தெரிந்துகொண்டேன்.

எங்கள் பின்னறையைத் திறந்தால் கொடையாளர்களின் சரித்திரம் முழுவதும் அங்கே அடுக்கியிருக்கும். அடியில் தையல் மிஷின்கள். பெண்களுக்குத் தொழில் கற்றுக்கொடுக்க வேண்டும் என்று எல்லோரும் நினைத்த காலம் அது. அதன்மேல் துணி போர்த்திய கம்ப்யூட்டர்கள். பிறகு சோலார் விளக்குகள். கை கழுவும் விதம் காட்டும் படப் பலகைகள். கடைசியாக வந்த டேப்லெட்டுகள், சார்ஜர் தொலைந்தவை. ஒவ்வொன்றும் வந்த நாளில் ஒரு பேனர் கட்டிப் படம் எடுத்தார்கள். யாரையும் குறை சொல்லவில்லை. கொடுத்தவர்கள் நல்ல மனதோடுதான் கொடுத்தார்கள். ஆனால் ஒரு பொருளைப் படம் எடுக்க முடிகிறது. ஓர் ஆயா விடியற்காலையில் எழுந்து வந்து கதவைத் திறப்பதைப் படம் எடுத்தால் கதவுதான் தெரியும். சம்பளம் என்று எழுதினாலே ‘நிர்வாகச் செலவு’ என்று சிவப்பில் வட்டம் போட்டுத் திருப்பி அனுப்புவார்கள். அது நிர்வாகச் செலவல்ல, அதுதான் முழு வேலையும் என்று எப்படி எழுதுவதென்று தெரியாமல் நான் பலமுறை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருக்கிறேன்.

கடந்த சில வருடங்களாக ஒரு ஃபவுண்டேஷன் மட்டும் கேள்வி கேட்காமல் அந்த மூன்றுக்கும் கொடுத்துவந்தது. போன ஜனவரியில் அவர்களிடமிருந்து செய்தி வந்தது. மார்ச்சோடு இந்த உதவி முடிகிறது. இனி அவர்கள் முறையே மாறுகிறது. பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு எது தேவையென்று தாங்களே முடிவு செய்யப் போவதில்லையாம். சனங்களையே கேட்டு, அவர்கள் எதைச் சொல்கிறார்களோ அதற்கே கொடுப்பார்களாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஆள் வருவார். அம்மாக்களோடு மட்டும் பேசுவார். நிறுவனத்தை நடத்துகிறவர் அன்று அங்கே இருக்க வேண்டாம். யாரையும் முன்கூட்டித் தயார்செய்ய வேண்டாம். மொழிபெயர்க்க ஒருவர் போதும்.

படித்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இதைவிட நியாயமாக யார் கேட்பார்கள்?

டீச்சர் சந்தோஷப்படவில்லை. “மார்ச்சோட முடியுதுன்ற விஷயம் அம்மாக்களுக்குப் போவக்கூடாதும்மா,” என்றார். “முன்னாடி ஒருத்தர் நிறுத்தனப்போ நான் வெளிப்படையா சொல்லிட்டேன். பயந்துகினு பாதிப் பேரு பிள்ளைங்கள கூட்டிகினு போய் சொந்தக்காரங்க வீட்ல வுட்டுட்டாங்க. அப்புறம் வந்தவங்க, பிள்ளைங்களே இல்லியே, உங்களுக்கு இன்னாத்துக்குப் பணம்னு கேட்டாங்க. நீ அவங்க சொல்றத இவங்களுக்குச் சொல்லு, இவங்க சொல்றத அவங்களுக்குச் சொல்லு. போதும்.”

சரி என்று தலையாட்டினேன். சொன்னதைச் செய்வதில் எனக்கு எப்போதும் ஒரு நிம்மதி உண்டு. ஆனால் அன்று இரண்டு பேர் எனக்குச் சொல்லியிருந்தார்கள். சொல்லாதே என்று டீச்சர். தூண்டாதே என்று ஃபவுண்டேஷன். இரண்டும் ஒரே பக்கம் தள்ளின. காப்பகம் மூடினால் என் வேலை போகும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். மற்ற அம்மாக்களுக்குப் பெங்களூர் வேலை போகும். அந்த அறையில் உட்காரும் அம்மாக்களில் அது தெரிந்தவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வீட்டில் சொன்னேன். “நீ இன்னாத்துக்கு இவ்ளோ யோசிக்கற? உன்ன மொழிபெயர்க்கத்தான கூப்பிட்டாங்க,” என்றார் கணவர். எனக்கு அதுதானே யோசனையே.

ஞாயிற்றுக்கிழமை வந்தவர் என்னைவிட ஒன்றிரண்டு வயது பெரியவராக இருக்கலாம். வடக்கத்திப் பெண். கைத்தறிப் புடவை கட்டி, செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு, நாற்காலி வேண்டாமென்று பாயில் உட்கார்ந்தார். எனக்குத்தான் நாற்காலி கிடைத்தது. எழுத வசதியாக இருக்கட்டும் என்று அவரே போட்டுக்கொடுத்தார். அம்மாக்கள் மடியில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு என்பதால் தொட்டில்கள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. பலகையில் டோக்கன் எல்லாம் வரிசையாகத் தொங்கின. அங்கே காப்பகம் நடக்கிறது என்பதற்கு வேறு அடையாளமே இல்லை.

அவர் ஒரு பெரிய சார்ட்டை விரித்தார். உங்கள் ஊருக்கு எது வேண்டுமோ சொல்லுங்கள், அதைப் படமாக வரைவோம், பிறகு ஆளுக்கொரு கைப்பிடி புளியங்கொட்டை தருகிறேன், எது முக்கியமோ அதன்மேல் அதிகமாக வையுங்கள் என்றார். நான் தமிழில் சொன்னேன். ‘முன்னுரிமை’ என்ற சொல்லை உபயோகித்தேன்.

“மேடம் பேசறது பாதி புரியுது மிஸ்,” என்றாள் ஓர் அக்கா. “நீங்க பேசறதுதான் சுத்தமா புரியல.”

எல்லோரும் சிரித்தார்கள். இந்த அக்கா ஒயிட்ஃபீல்டில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிறவள். அவளுடைய பையனும் என் மகளும் ஒரே தட்டில் சாப்பிடுகிறவர்கள். ரயிலில் ஒரு பெட்டி முழுவதையும் பேச்சாலேயே கட்டி வைத்திருப்பாள் என்று சொல்வார்கள்.

“எது மொதல்ல வேணும்னு கேக்கறாங்கக்கா.”

“அத அப்படிச் சொல்லு.”

பிறகு அவர்கள் சொல்லத் தொடங்கினார்கள். டைலரிங் கிளாஸ். கம்ப்யூட்டர் கிளாஸ். இங்கிலீஷ் பேசக் கற்றுக்கொடுக்கணும். தெரு விளக்கு. அவர்கள் சொல்லச் சொல்ல நான் ஸ்கெட்ச் பேனாவால் வரைந்தேன்.

“இது மிஷினா, ஆடா?”

“மிஷின்கா.”

“காலு நாலு இருக்குதே.”

“மிஷினுக்கும் காலு நாலுதான் அக்கா.”

கொட்டைகள் விழுந்தன. தையல் மிஷின்மேல் குவிந்தன. கம்ப்யூட்டர் அடுத்து. காப்பகம் என்று ஒருவரும் சொல்லவில்லை. ஏன் சொல்வார்கள்? அது இருக்கிறது. இருப்பதை யார் போய்க் கேட்பார்கள்? அதோடு எனக்கு வேறொன்றும் புரிந்தது. இவர்கள் தங்களுக்கு என்ன வேண்டுமென்று சொல்லவில்லை. வந்திருப்பவர் கையில் என்ன இருக்கும் என்று யோசித்து, அதைச் சொன்னார்கள். பின்னறையில் இருக்கும் அத்தனை பொருளும் சேர்ந்து அவர்களுக்குக் கற்றுக்கொடுத்த பாடம் அது. கேட்கிற முறை மாறிவிட்டது என்று பெங்களூருக்குத் தெரியும். ஊரிகத்துக்கு இன்னும் தெரியாது.

அந்தப் பெண் சார்ட்டைப் பார்த்து நிறைவாகத் தலையசைத்தார். “தையல் பயிற்சி. தெளிவாக இருக்கிறது,” என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். எழுத ஆரம்பித்தார்.

என் மகள் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். லேசாக இருமினாள். பக்கத்திலேயே இருந்தாள், நன்றாகக் கேட்டது. ஏப்ரலில் இந்த அக்கா தன் பையனை எங்கே விட்டுவிட்டுப் போவாள், அவன் இருமினால் யாருக்குக் கேட்கும் என்று நினைத்தேன். சொன்னால் டீச்சருக்கு நம்பிக்கைத் துரோகம். பயந்து பிள்ளைகளைக் கூட்டிப் போய்விட்டால் அது என்னால். சொல்லாவிட்டால் இந்தச் சார்ட் அப்படியே சுருட்டி ரயிலேறும். அதுவும் என்னால். எது சரி என்று இன்றைக்கும் என்னால் அடித்துச் சொல்ல முடியாது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், மொழிபெயர்க்கிற ஆளாக அதைச் சொல்லக்கூடாது என்பதுதான்.

“மேடம், கொஞ்ச நேரம் நான் மொழிபெயர்ப்பதை நிறுத்திக்கொள்ளலாமா?” என்று கேட்டேன். “நானும் இங்கே பிள்ளையை விடுகிற அம்மாதான். எனக்குக் கொட்டை தரவில்லை.”

அவர் புளியங்கொட்டை டப்பாவை என் பக்கம் நகர்த்தினார்.

நாற்காலியை விட்டு இறங்கி மகளை மடியில் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தேன். கொட்டைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டேன். “அக்கா, இந்த இடத்துக்குப் பணம் தர்றதே இவங்கதான். மார்ச்சோட அது முடியுது. இனிமே நாம எதக் கேக்கறமோ அதுக்குத்தான் தருவாங்க. இன்னும் வேற யாரும் கிடைக்கல.”

கேள்விகள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்தன.

“இத இன்னாத்துக்கு மிஸ் கொட்டை வெச்சப்புறம் சொல்றீங்க?”

“டீச்சருக்குத் தெரியுமா?”

“அப்ப ஏப்ரல்ல இருந்து என் பொண்ண எங்க வுடறது? ஸ்டேஷன் மாஸ்டர் மடியிலயா?”

“உங்களுக்கு இன்னா மிஸ், வீட்ல உக்காந்துப்பீங்க.”

கடைசியாகச் சொன்னது சுருக்கென்று தைத்தது. உண்மைதான்.

ஹவுஸ்கீப்பிங் அக்கா மட்டும் கத்தவில்லை. “சும்னே இருங்கடி,” என்று மற்றவர்களை அடக்கினாள். பிறகு என்னிடம், “நாங்க இன்னா, வேணும்னு ஆசப்பட்டா டைலரிங் கேட்டோம்? ஒரு தடவ ஒரு சார் வந்தாரு. ஆயாவுக்குச் சம்பளம் ஏத்திக் குடுங்க சார்னு கேட்டேன். அவரு மூஞ்சி அப்படியே சுண்டிப் போச்சி. அது உங்க பொறுப்பும்மான்னுட்டாரு. மிஷின்னு கேட்டாத்தான் சிரிக்கறாங்க,” என்றாள்.

அதை நான் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அந்தப் பெண் எழுதுவதை நிறுத்தியிருந்தார். ‘சார்’, ‘மிஷின்’ என்ற சொற்களும், ‘சிரிக்கறாங்க’ என்று அக்கா செய்து காட்டிய முகமுமே போதுமானவையாக இருந்தன.

அக்கா எழுந்தாள். பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு பலகைக்குப் போய்த் தன் டோக்கனை எடுத்துவந்தாள். சார்ட்டில் படம் எதுவும் இல்லாத ஒரு மூலையில் டக்கென்று வைத்தாள். “மிஸ்ஸுக்கு வரையத் தெரியாது. இதான் படம்.”

அடுத்தவள் எழுந்தாள். பிறகு இன்னொருத்தி. பலகையருகே ரயில் ஏறும்போது இருக்கும் நெரிசல். டோக்கன்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. தையல் மிஷின்மேல் இருந்த கொட்டைகளை யாரும் எடுக்கவில்லை. அவை பாட்டுக்கு இருந்தன. பலகையைத் திரும்பிப் பார்த்தேன். கொக்கிகள் எல்லாம் காலி. ஞாயிற்றுக்கிழமை அன்று அப்படிப் பார்த்ததே இல்லை. எங்கள் கணக்குப்படி அத்தனை பிள்ளைகளும் உள்ளே இருக்கிறார்கள். உண்மையாகவே இருந்தார்கள்.

அது என்னவென்று அந்தப் பெண் கேட்டார். சொன்னேன். ஷாஃப்ட் வாசல் வரைக்கும் சொன்னேன். மார்ச் விஷயத்தை அம்மாக்களிடம் நான் உடைத்ததையும் மறைக்கவில்லை. அவர் ஒரு டோக்கனை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, எடுத்த இடத்திலேயே ஜாக்கிரதையாக வைத்தார். பிறகு நேர்மையாகவே பேசினார். சம்பளத்துக்குத் தரக்கூடாது என்று மற்றவர்கள் வைத்திருக்கும் விதி அவர்களிடம் இல்லை. ஆனால் நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும். முதலில் எல்லோரும் தையல் கேட்டார்கள். நான் பேசிய பிறகுதான் மாறினார்கள். நான் தூண்டிவிட்டதாகத்தானே இது படிக்கப்படும்? தான் எதை எழுதுவது என்று கேட்டார்.

இதையும் மொழிபெயர்த்தேன்.

“ரெண்டயும் எழுதுங்க மேடம்,” என்றாள் அக்கா. “மொதல்ல எங்களுக்குத் தெரியாது, டைலரிங் கேட்டோம். அப்புறம் தெரிஞ்சது, இதக் கேட்டோம். அதுல இன்னா தப்பு?”

அந்தப் பெண் அப்படியே எழுதிக்கொண்டார் என்றுதான் நினைக்கிறேன். சார்ட்டைப் படம் எடுத்தார். டோக்கன்களோடு சேர்த்துச் சுருட்டப் போனபோது அக்கா அவர் கையைப் பிடித்துவிட்டாள். “டோக்கன குடுத்துட்டுப் போங்க. நாளைக்கு வேலைக்குப் போவணும்.”

சாயங்காலம் டீச்சர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொண்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “நாளைக்கு எத்தன பேரு வரமாட்டாங்களோ,” என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் என் நேரத்துக்கு முன்பே, முதல் ரயிலுக்கான கூட்டம் வரும்போதே போய் நின்றேன். டீச்சரும் வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொக்கிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. ரயில் சத்தம் கேட்டபோது ஒரே ஒரு டோக்கன் தொங்கிக்கொண்டிருந்தது. மைசூர் மைன்ஸ் என்கிற பழைய சுரங்கக் குடியிருப்புப் பக்கமிருந்து வருகிற ஒருத்தி பிள்ளையை மாமியாரிடம் விட்டுவிட்டாளாம். அந்தப் பிள்ளையை இன்றுவரை நினைத்துக்கொள்கிறேன். மற்றவர்கள் வந்தார்கள். டீச்சர் உள்ளே போய்ப் பாலைக் கொதிக்கவைத்தார்.

பதில் வர மார்ச் கடைசியாகிவிட்டது. ஒரு வருடத்துக்குத் தருகிறார்கள். எதற்கென்று வரி வரியாகக் குறிப்பிடவில்லை; அம்மாக்கள் கூடி எடுக்கும் முடிவுப்படி என்றிருந்தது. முன்பு வந்ததைவிடக் குறைவு. அம்மாக்கள் கூடினார்கள், நிறையச் சண்டை போட்டார்கள், வாடகையைக் குறைக்க வீட்டுக்காரரிடம் பேச ஹவுஸ்கீப்பிங் அக்காவை அனுப்பினார்கள். அவர் குறைத்துவிட்டார். எப்படி என்று யாரும் கேட்கவில்லை.

அதே செய்தியில் இன்னொன்றும் இருந்தது. வேறு ஊர்களிலிருந்து வரும் கோரிக்கைகளைப் படித்து முடிவு சொல்லும் குழுவில் இனி இப்படிப்பட்ட இடங்களிலிருந்தும் ஆட்கள் உட்கார வேண்டுமாம். எங்களிடமிருந்து ஒருவர். அம்மாக்கள் என்னை அனுப்பத் தீர்மானித்தார்கள். இங்கிலீஷ் தெரியும், லீவு போட்டால் சம்பளம் போகாது. எனக்குத் தகுதி இருக்கிறதா, அன்று டீச்சர் சொன்னதை மீறியதற்குக் கிடைத்த தண்டனையா என்று இரண்டு நாள் குழம்பினேன். யாரோ ஓர் ஊரில் யாரோ தையல் மிஷின் கேட்டிருப்பார்கள். நான் மேஜைக்கு அந்தப் பக்கம், கொடுக்கிறவர்களோடு உட்கார்ந்து அதைப் படிப்பேன். அவர்களுக்குத் தெரியாதது என்ன, அதை யார் அவர்களுக்குச் சொல்லாமல் விட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? முதல் கேள்வியாக அதையே கேட்டுவிடுவது என்று முடிவு செய்தேன். கேட்பேனா என்று அப்போதே சந்தேகமும் வந்தது.

முதல் கூட்டத்துக்குப் போன அன்று விடியற்காலையில் மகளைத் தூக்கிக்கொண்டு காப்பக வாசலில் நின்றேன். அவளுக்கு ஸ்வெட்டர், குல்லாய், இன்ஹேலர், அதை எப்படி வைப்பதென்று எழுதிய துண்டு. ஆயா எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, துண்டை மட்டும் திருப்பிக் கொடுத்தார். “தெரியும்மா. நான்தான தெனமும் வெக்கறேன்.” பிறகு எனக்கென்று புதிதாக எண் அடித்திருந்த ஒரு டோக்கனைப் பலகையிலிருந்து எடுத்து நீட்டினார். இத்தனை நாள் எனக்கு டோக்கனே இருந்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. அடுத்த அறையில் இருந்தவளுக்கு எதற்கு டோக்கன்? மகள் அழவில்லை. அக்காவின் பையனைப் பார்த்ததும் இறங்கி ஓடிவிட்டாள். அது வேறு எனக்கு ஒரு மாதிரி இருந்தது.

ரயிலில் அக்கா எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்து வைத்திருந்தாள். பங்காருபேட்டை தாண்டுவதற்குள் நான் நாலைந்து முறை போனை எடுத்துப் பார்த்துவிட்டேன்.

“இன்னா மிஸ், அத எடுத்து எடுத்துப் பாத்துகினு இருக்கற?”

“இருமுவாக்கா. ஆயா கூப்பிட்டா கேக்கணும் இல்ல.”

“டோக்கன் எங்க?”

பையைத் திறந்து காட்டினேன்.

“உன்கிட்ட இருக்குது இல்ல? அப்ப குழந்த உள்ள இருக்குது. தூங்கு.”

கண்ணை மூடிக்கொண்டேன். ஒரு கை பைக்குள் டோக்கனைப் பிடித்திருந்தது. இன்னொரு கையில் போன்.